ஒன்பது டிகிரித் துருவனும் கால் இஞ்ச் ராடும்

எங்கள் ஊர் கயத்தாறு பக்கம். அம்மா இருக்கும் வீட்டின் தட்டட்டியில் (மொட்டை மாடிக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) வடக்குப் பார்த்து நின்று, கையை நீட்டி, முஷ்டியை அடிவானத்தின்மேல் வைத்தால் துருவ நட்சத்திரம் அந்த முஷ்டிக்குள்ளேயே மறைந்துவிடும். ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் அங்கே துருவன் நிற்பான். டெல்லிக்காரருக்கு 28 டிகிரி சொச்சம், லண்டன்காரருக்கு 51 சொச்சம். எங்களுக்கு வெறும் 9.

இந்த 9 டிகிரிதான் இரண்டு மாதமாக நான் பார்த்த ஒரு வேலையைப் பாதி லேசாக்கியது, மீதியை இழுத்தடித்தது.

சப்தரிஷி மண்டலத்தை ஒழுங்காக ஒரு படம் எடுக்க வேண்டும், அதில் அருந்ததி தனியாகத் தெரிய வேண்டும். ஆசை அவ்வளவுதான். கையில் இருப்பது பழைய 24 மெகாபிக்சல் கேமரா, 50 மி.மீ. லென்ஸ். ஸ்டாண்டில் வைத்து 6 விநாடிக்குமேல் ஷட்டரைத் திறந்துவைத்தால் நட்சத்திரம் புள்ளியாக விழாது, கோடாக இழுக்கும். பூமி சுற்றுகிறதே, அது நமக்காக நிற்குமா. கணக்குப் போட்டுப் பார்த்தேன். வான நடுக்கோட்டின்மேல் இருக்கும் நட்சத்திரம், உதாரணமாக ஓரியன் வேடனின் இடைக்கச்சையில் உள்ளது, ஒரு நிமிஷத்தில் என் கேமராவில் 56 பிக்சல் நகரும். சப்தரிஷிகள் துருவத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பதால் 32 பிக்சல். இந்த 56-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வந்து என் மானத்தை வாங்கும்.

வானத்தோடு கேமராவையும் சுழற்றினால் கோடு விழாது. அதற்கென்று விற்கிற கருவிகளின் விலையைப் பார்த்துவிட்டு மூடி வைத்தேன். ஆனால் இதற்கு ஒரு ஏழைகளின் வழி இருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெய்க் என்பவர் 1975இல் ஒரு வானியல் இதழில் வெளியிட்டது. இரண்டு பலகை, நடுவே கீல், ஒரு மரை போட்ட ராடு, அவ்வளவே. கீலின் ஊசி வான துருவத்தை (வானம் எந்தப் புள்ளியைச் சுற்றுகிறதோ அது, துருவன் அதன் பக்கத்தில் நிற்கிறான்) நோக்கி இருக்க வேண்டும். ராடைச் சுற்றினால் மேல்பலகை மெதுவாகத் திறக்கும். மேல்பலகையில் கேமரா. வானம் ஒரு சுற்றுச் சுற்ற 23 மணி 56 நிமிஷம் 4 விநாடி ஆகிறது, அதாவது நிமிஷத்துக்குக் கால் டிகிரி. பலகையும் நிமிஷத்துக்குக் கால் டிகிரி திறந்தால் போதும். அந்த ஊரில் இதைக் களஞ்சியக் கதவோடு ஒப்பிட்டுப் பெயர் வைத்தார்கள். எனக்கு இது டிரங்குப் பெட்டி மூடி.

மூடி என்று சொல்வதில் ஒரு காரணமும் இருக்கிறது. 50 டிகிரியில் இருப்பவர் இதைச் செய்தால் கீல் செங்குத்தாகப் பாதி நிமிர்ந்து நிற்கும், பலகை பக்கவாட்டில் தொங்கும், அதைத் தாங்க நல்ல கனமான முக்காலி வேண்டும். நமக்குத் துருவன் கால்மாட்டில் கிடக்கிறான். கீல் கிட்டத்தட்டப் படுத்தே இருக்கும், வடக்கு முனை மட்டும் 9 டிகிரி தூக்கினால் போதும். முக்காலியே தேவையில்லை. ஒரு ஸ்டூல், அதன்மேல் இரண்டு மர ஆப்பு, ஆப்பின்மேல் பலகை. 300 மி.மீ. நீள ஆப்புக்கு வடக்கு முனையில் உயரம் 47 மி.மீ. வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் படம் வரைந்து விளக்கியிருந்த சாய்வுச் சட்டம், தாங்கு கால் எல்லாவற்றையும் ஒரே அடியில் தள்ளிவிட்டேன். அதில் ஒரு தனி சந்தோஷம்.

ஆசாரி அண்ணனிடம் போனபோது அவர் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெட்டியும் இல்ல, சன்னலும் இல்ல. ரெண்டு பலகைக்கு எதுக்குத் தம்பி கீலு?"

"நட்சத்திரத்தப் படம் எடுக்கதுக்கு அண்ணே."

"சரி" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. 18 மி.மீ. பிளைவுட்டில் 400 நீளத்துக்கு இரண்டு துண்டு அறுத்து, கீல் இரண்டையும் ஒரே நூலில் வரும்படி வைத்துத் திருகினார். நான் தனியாகச் செய்திருந்தால் அந்த இடத்திலேயே சொதப்பியிருப்பேன். இரண்டு கீலின் ஊசியும் ஒரே கோட்டில் இல்லையென்றால் பலகை திறக்கும்போது முறுக்கிக்கொள்ளும், விக்கி விக்கித்தான் நகரும். அவர் கீலுக்குள் விரலை விட்டு ஆட்டிப் பார்த்து, "இது ஆடுது, வேற வாங்கிட்டு வாங்க" என்று ஒன்றைத் திருப்பிக்கூட அனுப்பினார்.

அடுத்தது ராடு. எம்6, அதாவது ஆறு மி.மீ. தடிமன் ராடு வேண்டும். அதில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் சரியாக 1 மி.மீ. இடைவெளி, ஆகவே ஒரு சுற்றுச் சுற்றினால் 1 மி.மீ. ஏறும். நிமிஷத்துக்கு ஒரு சுற்று, கீலிலிருந்து ராடு 228.6 மி.மீ. தள்ளி இருந்தால் திறக்கும் வேகம் வானத்தின் வேகத்தோடு பொருந்தும். ஹார்டுவேர் கடையில் கேட்டேன். அண்ணாச்சி மேலே ஏறி ஒரு ராடைக் கொண்டுவந்து போட்டார், அதற்கேற்ற நட்டும் வாசரும் பொறுக்கிக் கொடுத்தார்.

"இது ஆறு எம்எம்தானே அண்ணாச்சி?"

"ஆறு எம்எம்மும் கால் இஞ்சும் ஒண்ணுதான், கொண்டு போங்க."

கொண்டு போனேன்.

ராடின் நுனி மேல்பலகையைத் தள்ளும் இடத்தில் பிளைவுட் குழிந்துவிடக் கூடாதென்று ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை ஒட்டினேன். நுனியை அரத்தால் உருட்டி ராவி, நாணயத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். கீழ்ப்பலகையின் கீல் இல்லாத பாதி ஸ்டூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ராடின் அடிமுனை அங்கே தொங்கும். அதில் நேராகக் கைப்பிடி வைத்தால் கை நடுக்கம் அப்படியே கேமராவுக்குப் போகும் என்று தெரிந்ததால், நடுவில் பைக் பெட்ரோல் டியூப் அரை அடி செருகினேன். கால் இஞ்ச் ராடில் அது கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. (அப்போதாவது யோசித்திருக்கலாம்.) டியூபின் மறுமுனையில் ஒரு பழைய சிடி, அதில் பேனாவால் கடிகார முகம். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, விநாடி முள் எங்கே போகிறதோ அங்கே சிடியும் போக வேண்டும். கால் நிமிஷத்துக்கு ஒருமுறை கால் சுற்று என்று தாவித் தாவிச் சுற்றினால் ஒவ்வொரு தாவலுக்கும் நட்சத்திரம் 14 பிக்சல் குதிக்கும். அதனால் விடாமல், ஊர்ந்து.

கடைசியாக, ரீஃபிலை எடுத்துவிட்ட ஒரு பேனாக் குழலைக் கீலின் ஊசிக்கு இணையாக ஒட்டினேன். இதுதான் குறிபார்க்கும் துளை. இதற்குள் துருவன் தெரிந்தால் கீல் துருவத்தைப் பார்க்கிறது என்று அர்த்தம்.

மார்ச் மாதம், அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை. இரவு எட்டு மணிக்கு மேலே ஏறினேன். இங்கேதான் 9 டிகிரியின் மறுபக்கம் தெரிந்தது. அவ்வளவு தாழ்வாக இருக்கும் நட்சத்திரத்தின் ஒளி, தலைக்கு நேர்மேலே இருப்பதைப்போல ஆறு மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டும். அந்தக் காற்றில் கரிசல் தூசி, சீமைக் கருவேலத்தை எரிக்கும் கரிமூட்டப் புகை, வடக்கே கொஞ்சம் கிழக்கே தள்ளிக் கோவில்பட்டியின் மஞ்சள் வெளிச்சம் எல்லாம் சேர்ந்து கிடந்தன. துருவன் ஒன்றும் அதிகப் பிரகாசமான நட்சத்திரம் இல்லை, வானத்தின் முதல் நாற்பது நட்சத்திரங்களில்கூட வராது. இந்தப் புழுதிக்குள் அது ஒரு மங்கல் புள்ளி. போதாததற்கு, ஒன்பதரை மணி வாக்கில் அதே உயரத்தில், அதே பிரகாசத்தில், வலப்பக்கம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஒன்றரை முஷ்டி இடைவெளி. எது துருவன்?

வழக்கமான வழி, சப்தரிஷியின் முதல் இருவரைப் பிடிப்பது. புலஹரிலிருந்து கிரதுவுக்கு ஒரு கோடு போட்டு, அதே திசையில் அந்த இடைவெளியைப்போல ஐந்து மடங்கு நீட்டினால் துருவன். அந்த நேரத்தில் சப்தரிஷிகள் வடகிழக்கில் நன்றாக ஏறியிருந்தார்கள், கோடும் இடப்பக்கத்து நட்சத்திரத்தில் வந்து இறங்கியது. வலப்பக்கத்தில் இருந்தது சிறு கரடி மண்டலத்தின் கோச்சாப் என்ற நட்சத்திரம். ஆனால் இந்த இருவர் வருஷம் முழுக்க நமக்குத் துணைக்கு வரமாட்டார்கள். வடநாடுகளில் சப்தரிஷி மண்டலம் அஸ்தமிப்பதே இல்லை, துருவனைச் சுற்றிக் கடிகார முள்போலச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று படிக்கிறோம். 9 டிகிரியில் அந்தக் கதை நடக்காது. துருவத்திலிருந்து 9 டிகிரிக்குள் இருப்பவை மட்டுமே இங்கே அஸ்தமிக்காது. துருவனை விட்டால், சிறு கரடியின் வாலில் மங்கலாக இரண்டு. பேர் சொல்லும்படி வேறு யாரும் இல்லை. புரட்டாசியில் முன்னிரவில் வந்து தேடினால் ஏழு பேரும் தரைக்குக் கீழே இருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூமியின் அச்சு மெல்லத் தலையாட்டுவதால் துருவத்தின் இடம் நகர்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இன்றைய துருவன் துருவத்திலிருந்து 11, 12 டிகிரி தள்ளி இருந்தான். அப்படியென்றால் எங்கள் ஊரில் அன்று துருவனே தினமும் உதித்து அஸ்தமித்திருக்கிறான்! சங்கப் பாடல்கள் வடமீன் என்று கும்பிடுவது அருந்ததியைத்தான். நிலைத்து நிற்கும் ஒரு நட்சத்திரம் அன்று நம் வடவானில் இருந்திருக்காது என்பதை இந்த ஸ்டூலின் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் உணர்ந்தேன்.

சரி, பலகைக்கு வருவோம். பேனாக் குழலுக்குள் துருவனைக் கொண்டுவர அரை மணி நேரம் ஆனது, கழுத்து பிடித்துக்கொண்டது. அப்புறம் கேமராவைத் துருவன் பக்கமே திருப்பி ஒரு நிமிஷம் எடுத்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் துருவன் சுத்தமான புள்ளி! முதல் முயற்சியிலேயே! குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன், மாமா பூங்கொத்துப் படம் அனுப்பினார்.

காலையில் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தபோது படத்தின் ஓரத்தில் இருந்த நட்சத்திரங்கள் எல்லாம் சின்னச் சின்ன வில்லாக வளைந்து கிடந்தன. அப்போதுதான் உறைத்தது. துருவன் துருவத்திலிருந்து முக்கால் டிகிரிகூடத் தள்ளி நிற்காதவன், அவன் நகர்வதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையே இல்லாமல் கேமராவைச் சுவரில் வைத்து எடுத்திருந்தாலும் ஒரு நிமிஷத்தில் ஒரு பிக்சல்கூட ஓடியிருக்க மாட்டான். ஓடாத குதிரையின் காலைப் பார்த்து லாடம் சரி என்றிருக்கிறேன். யாராவது இதைச் செய்வதாக இருந்தால் முதல் சோதனையை ஓரியனில் வையுங்கள். மிக வேகமாக நகரும் இடம் அதுதான், பிழை எதுவும் அங்கே ஒளிய முடியாது.

ஞாயிறு இரவு ஓரியனில் வைத்தேன். ஒரு நிமிஷம். கோடு 127 பிக்சல்.

பலகையைச் சுற்றாமலே விட்டிருந்தால் 56. சுற்றியதால் 127! இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டு மடங்கு என்றால் காரணம் ஒன்றுதான். பலகை வானத்துக்கு எதிர்த்திசையில் திரும்புகிறது. வடக்கு நோக்கி நின்றால் நட்சத்திரங்கள் வலப்பக்கம் எழுந்து, துருவனுக்கு மேலே வளைந்து, இடப்பக்கம் இறங்கும். பலகையின் வலது முனை மேலே தூக்கினால்தான் அதே திசை. அதற்குக் கீல் இடப்பக்கம், மேற்கில் இருக்க வேண்டும். நான் ஸ்டூலில் இடவசதி பார்த்துக் கீலைக் கிழக்கில் வைத்திருந்தேன். எந்தப் பக்கமானால் என்ன என்ற நினைப்பு. மொத்தத்தையும் திருப்பி வைத்து, மறுபடி கழுத்தை ஒடித்து, மறுபடி ஓரியன். இப்போது 15 பிக்சல்.

127இலிருந்து 15. எனக்கு அதுவே பெரிய வெற்றியாகத் தெரிந்தது. மீதி 15க்கு யார் காரணம் என்று யோசித்தபோது பழியைத் துருவன் தலையில் போட்டேன். புழுதிக்குள் சரியாகக் குறிபார்க்கவில்லை, அதனால்தான் என்று. இதில் இரண்டு வாரம் போனது. நிலா வேறு வந்துவிட்டது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, இரவில் திணறுவதைவிடப் பகலிலேயே வடக்கைக் குறித்து வைத்துவிடலாம் என்று தோன்றியது. போனில் இருக்கும் திசைகாட்டியை நம்பினால் தட்டட்டியின் இந்த மூலையில் ஒரு வடக்கு, அந்த மூலையில் வேறு வடக்கு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகள் அதைப் பாடாய்ப் படுத்துகின்றன. கோயில் கட்டும் ஸ்தபதிகளின் பழைய முறை இருக்கிறதே, சங்கு என்னும் முளையை நட்டு நிழல் பார்ப்பது, அதைச் செய்தேன். ஒரு மீட்டர் கம்பியைத் தூக்குக்குண்டு வைத்து நேராக நிறுத்தி, அதன் அடியை மையமாக வைத்து 60 செ.மீ. ஆரத்தில் சாக்பீஸ் வட்டம். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்ட இடத்தில் ஒரு புள்ளி, பத்தரை மணி. மதியம் மறுபடி தொட்ட இடத்தில் ஒரு புள்ளி, இரண்டரைக்குக் கொஞ்சம் முன்னால். இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்து வடக்கு. நடு நேரத்தைப் பார்த்தால் உச்சிப்பொழுது 12:28. நம் கடிகாரம் காட்டும் 12 மணி, 82½ டிகிரி தீர்க்கரேகையின் 12 மணி. நாங்கள் அதற்கு மேற்கே இருக்கிறோம், தவிர மார்ச்சில் சூரியனே சில நிமிஷம் தாமதமாக வருவான்.

"வெயில்ல உக்காந்து என்னலே செய்த?" என்று அம்மா படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். வடகம் காயப் போட வந்தவள். வட்டத்தைச் சுற்றித்தான் வேட்டி விரிக்க முடிந்தது.

வடக்குக் கோட்டைப் பெயின்ட்டால் அடித்துவிட்டேன். இனிமேல் ஸ்டூலை அந்தக் கோட்டில் வைத்தால் துருவன் தானாகக் குழலுக்குள் வந்துவிடுவான், புகையில் தெரியாத நாளிலும் வேலை நடக்கும். ஆனால் அன்று இரவும் ஓரியனில் அதே 15 பிக்சல்.

அப்போதுதான் பழி துருவன்மேல் இல்லை என்று உறுதியானது. குறி ஒரு டிகிரி தப்பினால்கூட ஒரு நிமிஷத்துக்கு ஒரு பிக்சல்தான் ஓடும் என்று கணக்கு சொல்கிறது. 15 பிக்சல் ஓட வேண்டுமானால் நான் துருவனை விட்டுவிட்டுக் கோச்சாப்பைப் பிடித்திருக்க வேண்டும். வேகத்தில்தான் கோளாறு. 56இல் 15 என்றால் சுமார் 27 சதவீதம். பழைய 127-ஐ எடுத்து 56ஆல் வகுத்தேன். 2.27. எதிர்த்திசையில் சுற்றியதால் வந்த 2 சரி, அந்த .27 அன்றைக்கே தெருவில் நின்று கத்தியிருக்கிறது, நான்தான் காதில் வாங்கவில்லை.

ராடைக் கழற்றி ஸ்கேலில் வைத்தேன். ஒரு இஞ்சுக்குள் மரையை ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். எம்6 என்றால் இருபத்தைந்து வர வேண்டும். இருபதுதான் வந்தது. இன்னொருமுறை எண்ணினேன், இருபது. கால் இஞ்ச் ராடு, ஒரு சுற்றுக்கு 1.27 மி.மீ. ஏறுகிறது. அண்ணாச்சியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பைப் கிளாம்ப் மாட்டுகிறவருக்கு ஆறும் கால் இஞ்சும் ஒன்றுதான். வானம்தான் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

அசல் எம்6 தேடி மதுரைக்குப் போவதைவிட ஓட்டையை மாற்றுவது லேசு. 1.27-ஐ 228.6ஆல் பெருக்கினால் 290.3. ஆசாரி அண்ணன் 400 நீளத்துக்கு அறுத்திருந்தது இங்கே காப்பாற்றியது. இந்த முறை பலகை விளிம்பிலிருந்து அளக்கவில்லை, கீல் ஊசியின் நடுவிலிருந்து அளந்தேன். முன்பு விளிம்பிலிருந்து அளந்ததில் கொஞ்சம் பிசகு இருந்ததும் அப்போது தெரிந்தது. புது ஓட்டை, நட்டை அரால்டைட் போட்டு அமுக்கி, நாணயத்தைப் பெயர்த்து இடம் மாற்றி ஒட்டி, ஒரு நாள் காயவிட்டேன்.

இந்த நேர் ராடு அமைப்பில் ஒரு சின்னக் குறை உண்டு. பலகை திறக்கத் திறக்கக் கோணம் மாறுவதால் வேகம் வானத்தைவிட்டு மெல்ல விலகும். பத்து நிமிஷத்துக்குள் என் லென்ஸில் அது அரைப் பிக்சல்கூட இல்லை. ஒவ்வொரு படமும் ஒரு நிமிஷம், பத்துப் படம் முடிந்ததும் ராடைத் திருப்பிச் சுற்றிப் பலகையை மூடிவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறேன்.

ஏப்ரல் அமாவாசை. முதலில் ஓரியன் மேற்கே இறங்குவதற்குள் ஒரு சோதனை. ஒன்றிரண்டு பிக்சல் வீக்கம், அது என் கை. போதும். ஒன்பதரைக்குச் சப்தரிஷிகள் துருவனுக்கு மேலே, கவிழ்த்துப் பிடித்த அகப்பைபோல வந்து நின்றார்கள். கிண்ணம் கீழ்ப்பார்த்து, காம்பு வலப்பக்கம். கிரது, புலஹர், புலஸ்தியர், அத்ரி நால்வரும் கிண்ணம். அங்கிரஸ், வசிஷ்டர், மரீசி மூவரும் காம்பு. பேனாக் குழலில் துருவனை நடுவில் வைக்காமல் கோச்சாப் இருக்கும் பக்கமாக ஒரு முழுநிலா அகலத்துக்குக் கொஞ்சம் கூடத் தள்ளிக் குறிவைத்தேன். உண்மையான துருவம் அங்கேதான் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 1600, துளை 2.8, ஒரு நிமிஷம். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஷட்டரைப் பார்த்துக்கொள்ள, நான் விநாடி முள்ளோடு சிடியைச் சுற்றினேன். அந்த ஒரு நிமிஷம் மூச்சுக்கூடச் சன்னமாகத்தான் விட்டோம். இதற்கு ஒரு ஸ்டெப்பர் மோட்டார் போடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், போடலாம்தான். வானம் எவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது என்பது கையில் தெரிகிற வேலையை மோட்டாரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அருந்ததி விஷயத்தில் மனைவிக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. எங்கள் கல்யாணம் ஆவணியில், காலை பத்து மணி. அம்மி மிதித்ததும் ஐயர் மண்டபத்து வாசலுக்குக் கூட்டிப்போய் வெயிலில் கையைக் காட்டி, "அருந்ததி தெரியறதா?" என்றார். எல்லோரையும்போல இவளும் தலையாட்டினாள். பிறகு நான் கணக்குப் பார்த்தேன். ஆவணிக் காலை பத்து மணிக்கு அருந்ததி எங்கள் ஊரில் உண்மையிலேயே உதித்துவிடுகிறாள், வடகிழக்கில் பத்துப் பன்னிரண்டு டிகிரி உயரத்தில். ஐயர் காட்டியது தெற்கே.

படத்தைப் பெரிதாக்கினேன். காம்பின் நடுவில் வசிஷ்டர், அவரிடமிருந்து 44 பிக்சல் தள்ளி அருந்ததி, இரண்டும் உருண்டையாக. அவள் திரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"இங்க மூணாவதா ஒண்ணு இருக்கே, அது யாரு?"

இருந்தது. இருவருக்கும் இடையே, நேர்கோட்டிலிருந்து சற்று விலகி, ஊசி குத்தினாற்போல ஒன்று. வெறும் கண்ணுக்கு எட்டாத பிரகாசம். ஜெர்மனியில் லீப்க்னெக்ட் என்பவர் 1722இல் இதைப் புதுக் கிரகம் என்று நினைத்துத் தன் ஊர் ஆட்சியாளர் லுட்விக்கின் பெயரையே வைத்துவிட்டார். கிரகமும் இல்லை, வசிஷ்டர் குடும்பமும் இல்லை, இன்னும் தொலைவில் பின்னால் நிற்கும் யாரோ. ஸ்டாண்டில் வைத்து ஒரு நிமிஷம் எடுத்திருந்தால் வசிஷ்டர் இழுக்கும் 32 பிக்சல் கோட்டுக்குள் இது காணாமலே போயிருக்கும். இதற்காகவே இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். வசிஷ்டரே தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிவார், ஆனால் அந்த இடைவெளி என் படத்தில் ஒரு பிக்சலுக்கும் குறைவு. நீள லென்ஸ் வாங்கினால் பார்க்கலாம், ஆனால் அதற்குக் கையால் சுற்றுவது தாங்காது.

அடுத்தது காசியோபியா. வடகிழக்கில் ஐந்து நட்சத்திரம் கோணல்மாணலாக ஏறுவது ஐப்பசி, கார்த்திகை முன்னிரவில். எங்கள் பக்கத்தில் மழையும் அப்போதுதான். தையில் மேகம் விலகி வானம் தெளியும்போது அது வடமேற்கே சாயத் தொடங்கியிருக்கும், ஏழு மணிக்கே பிடித்துவிட வேண்டும். அதுவரை ராடுக்கு எண்ணெய் தடவி, பலகையைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். வடக்குக் கோட்டின்மேல் அம்மா வடகம் காயப்போட்டிருக்கிறாள்.